தாயின் தொழுகையைக் கண்ட பிள்ளைகள்



ஹிஜ்ரீ இரண்டாம் நூற்றாண்டில் மக்கா நகரத்தார் தங்கள் ஊரின் பெரும் அறிஞராகிய இப்னு ஜுரைஜ் (ரஹ்) அவர்களுடைய தொழுகையைப் பற்றி ஒரு செய்தியைப் பெருமையோடு சொல்லி வந்தார்கள். அதனைப் பதிவு செய்தவர் அவருடைய மாணவராகிய இமாம் அப்துர் ரஸ்ஸாக் (ரஹ்) அவர்கள். இப்னு ஜுரைஜ் தம் தொழுகையை அதா இப்னு அபீ ரபாஹ் (ரஹ்) அவர்களிடமிருந்து எடுத்துக் கொண்டார். அதா, அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி) அவர்களிடமிருந்து எடுத்துக் கொண்டார். இப்னு ஸுபைர், அபூபக்ர் (ரலி) அவர்களிடமிருந்தும், அபூபக்ர், அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்களிடமிருந்தும் எடுத்துக் கொண்டார்கள் என்பதே அச்செய்தியாகும்.

இந்தச் சங்கிலியைச் சற்று நின்று கவனியுங்கள். ஹதீஸ்களுக்கு அறிவிப்பாளர் வரிசை இருப்பதை நாம் அறிவோம். இங்கே வரிசையாக வந்திருப்பதோ சொல் அன்று. நிற்பதும் குனிவதும் சிரம் பணிவதுமாகிய ஒரு செயல். அதனைக் காதால் கேட்டு மட்டும் எடுத்துக் கொள்ள இயலாது. கண்ணால் காண வேண்டும், பல நாள் பக்கத்தில் நிற்க வேண்டும்.

இந்த வரிசையின் நடுவில் ஒரு சிறுவர் இருக்கிறார் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அபூபக்ர் (ரலி) அவர்கள் ஹிஜ்ரீ 13ஆம் ஆண்டில் (கி.பி. 634) மறைந்தார்கள். அவர்களுடைய மகள் அஸ்மா (ரலி) அவர்களின் மூத்த மகனான அப்துல்லாஹ்வுக்கு அப்போது வயது ஏறத்தாழப் பன்னிரண்டுதான். அப்படியானால் மக்கா நகரமே போற்றிய அந்தத் தொழுகை, பன்னிரண்டு வயதுக்குள் ஒரு பேரன் தன் பாட்டனார் தொழுவதைப் பார்த்துப் பார்த்து எடுத்துக் கொண்ட தொழுகையாகும். இப்னு ஸுபைர் (ரலி) அவர்கள் தொழுகையில் நின்றால் நட்டு வைத்த மரக்கட்டையைப் போல் அசைவற்று நிற்பார்கள் என்றும், அபூபக்ர் (ரலி) அவர்களும் அவ்வாறே நின்றார்கள் என்றும் முஜாஹித் (ரஹ்) அவர்கள் கூறியுள்ளார்கள்.

பிள்ளைகளின் ஈமானைப் பற்றிக் கவலைப்படும் பெற்றோர்கள் இன்று நம்மிடையே ஏராளம். மக்தபுக்கு அனுப்புகிறோம், நல்ல உஸ்தாதைத் தேடுகிறோம், புத்தகம் வாங்கித் தருகிறோம். ஆனால் பாங்கு ஒலித்ததும் பிள்ளையைப் பள்ளிவாசலுக்குப் போகச் சொல்லிவிட்டு நாற்காலியை விட்டு எழாத தகப்பனார், தாம் என்ன கற்றுக் கொடுத்தோம் என்பதை அறிவதில்லை. ஆகவே அஸ்மா (ரலி) அவர்களின் இல்லத்தை இங்கே சற்று விரிவாகக் காண்போம். அந்த வீட்டில் நடந்தவற்றை நமக்குச் சொன்னவர்கள் பெரும்பாலும் அவ்வீட்டுப் பிள்ளைகளே. மகன்கள், பேரன்கள், பேத்தி, கொள்ளுப் பேரன் ஆகியோர் தாங்கள் கண்டதைச் சொல்லி வைத்தார்கள்.

கி.பி. 622ஆம் ஆண்டு ஹிஜ்ரத்தின்போது அண்ணலாருக்கும் தம் தந்தைக்கும் கட்டிய உணவு மூட்டைக்குக் கயிறு கிடைக்காமல், அஸ்மா (ரலி) அவர்கள் தம் இடுப்புக் கச்சையை இரண்டாகக் கிழித்துக் கட்டிய நிகழ்ச்சி நம் பிள்ளைகள் எல்லோரும் அறிந்ததே. அதற்கடுத்து நிகழ்ந்ததை இப்னு இஸ்ஹாக் (ரஹ்) அவர்களின் வரலாறு கூறுகிறது. அபூபக்ர் (ரலி) அவர்கள் கையிலிருந்த ஐயாயிரம் அல்லது ஆறாயிரம் திர்ஹம் முழுவதையும் எடுத்துச் சென்றுவிட்டார்கள். பார்வை இழந்த முதியவரான பாட்டனார் அபூகுஹாஃபா வந்து, மகன் தன் உயிரோடு பொருளையும் கொண்டுபோய் உங்களைத் துன்பத்தில் தள்ளிவிட்டானே என்று வருந்தினார். அஸ்மா (ரலி) அவர்கள், வழக்கமாகப் பணம் வைக்கும் மாடத்தில் கற்களை அடுக்கி, மேலே ஒரு துணியைப் போட்டு, பெரியவரின் கையைப் பிடித்து அதன்மீது வைத்தார்கள். அவர் மனம் ஆறிற்று. அப்போது அவர் இஸ்லாத்தை ஏற்றிருக்கவில்லை. ஹிஜ்ரீ 8இல் மக்கா வெற்றியின்போதுதான் ஏற்றார். ஆயினும் அந்த முதியவரின் மனம் நோகக் கூடாது என்பதே பேத்தியின் எண்ணமாக இருந்தது. இந்நிகழ்ச்சியை நமக்கு அறிவிப்பவர் அஸ்மா (ரலி) அவர்களின் கொள்ளுப் பேரர் யஹ்யா இப்னு அப்பாத் ஆவார். நான்காம் தலைமுறை வரை அந்தக் கற்களின் கதை அவ்வீட்டில் சொல்லப்பட்டிருக்கிறது!

பின்னர் அஸ்மா (ரலி) அவர்கள் நிறைமாதக் கர்ப்பிணியாக மதீனாவை நோக்கிப் புறப்பட்டு, குபாவில் அப்துல்லாஹ்வைப் பெற்றெடுத்தார்கள். ஹிஜ்ரத்திற்குப் பின் மதீனாவில் முஹாஜிர்களுக்குப் பிறந்த முதல் குழந்தை அவர்தாம். நபி (ஸல்) அவர்கள் பேரீச்சம்பழத்தை மென்று குழந்தையின் வாயில் தடவி, துஆச் செய்து, அருள்வளம் வேண்டினார்கள். அவருக்கு ஏழு அல்லது எட்டு வயதானபோது, தந்தை ஸுபைர் (ரலி) அவர்களின் சொற்படி நபி (ஸல்) அவர்களிடம் உறுதிமொழி அளிக்க வந்து நின்றார். சிறுவர் தம்மை நோக்கி வருவதைக் கண்டு அண்ணலார் புன்னகைத்தார்கள் என்று ஸஹீஹ் முஸ்லிம் கூறுகிறது. பிள்ளைகள் பெரியவர்களின் காரியங்களில் கலந்து வளர்ந்த காலம் அது.

ஹிஜ்ரீ 5இல் அகழ்ப்போர் நடந்தபோது சிறுவர் அப்துல்லாஹ்வைப் பெண்களோடு பாதுகாப்பான இடத்தில் வைத்திருந்தார்கள். அங்கிருந்து அவர், தம் தந்தை குதிரையேறிப் பனூ குறைழா பக்கம் இரண்டு மூன்று தடவை போய் வருவதைப் பார்த்துக் கொண்டிருந்தார். வீடு திரும்பியதும், வாப்பா, நீங்கள் போய் வருவதைக் கண்டேனே என்றார். அப்படியா மகனே, என்னைப் பார்த்தாயா என்று கேட்ட ஸுபைர் (ரலி) அவர்கள், எதிரியின் செய்தியை அறிந்து வர யார் செல்வீர் என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டதையும், தாம் சென்று திரும்பியபோது அண்ணலார் தம்மைப் பாராட்டியதையும் மகனுக்கு விளக்கிச் சொன்னார்கள். புகாரீயில் உள்ள செய்தி இது. தந்தை கேட்ட கேள்வியில் ஒரு மகிழ்ச்சி தெரிகிறதல்லவா? இளைய மகனான உர்வா (ரஹ்) அவர்களோ, தந்தையின் தோளிலிருந்த வாள்வெட்டின் தழும்புக் குழிகளில் விரல்களை நுழைத்து விளையாடிய சிறு வயதை நினைவு கூர்ந்துள்ளார்கள். தீனுக்காகப் பட்ட காயம் அப்பிள்ளைக்கு விளையாட்டுப் பொருளாயிற்று.

இவ்வளவையும் கேட்டு, அது குறையேதும் இல்லாத இல்லம் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். வறுமை இருந்தது. திருமணமான புதிதில் ஸுபைர் (ரலி) அவர்களிடம் நீர் சுமக்கும் ஓர் ஒட்டகமும் ஒரு குதிரையும் தவிர வேறு சொத்து இல்லை என்று அஸ்மா (ரலி) அவர்களே கூறியுள்ளார்கள். குதிரைக்குத் தீனி போடுவது, தண்ணீர் இறைப்பது, தோல் வாளியைத் தைப்பது, மாவு பிசைவது எல்லாம் அவர்களுடைய வேலை. ரொட்டி சுடத்தான் சரியாக வராது. அண்டை வீட்டு அன்ஸாரிப் பெண்கள் சுட்டுத் தருவார்கள். ஏறத்தாழ மூன்றரை கிலோமீட்டர் தொலைவிலிருந்த நிலத்திலிருந்து பேரீச்சங்கொட்டைகளைத் தலைமீது சுமந்து வருவார்கள். கணவர் கடும் ரோஷக்காரர். பின்னொரு காலத்தில் அவ்விருவரும் மணவிலக்குப் பெற்றுப் பிரிந்தார்கள். அஸ்மா (ரலி) அவர்கள் மூத்த மகனோடு வாழ்ந்தார்கள். இதை மறைத்து எழுதுவோர் உண்டு. மறைக்கத் தேவையில்லை என்பதே என் கருத்து. தாயும் தகப்பனும் பிரிந்த பின்னரும் அப்பிள்ளைகள் இருவரையும் கண்ணியத்தோடு நினைவு கூர்ந்தார்கள். இருவரிடமும் அவர்கள் கண்ட ஈமான் உண்மையாக இருந்தது.

அஸ்மா (ரலி) அவர்களின் வணக்கத்தைப் பற்றி உர்வா (ரஹ்) அவர்கள் வழியாக ஒரு செய்தி வருகிறது. அவர் வீட்டினுள் சென்றபோது தாயார் தொழுது கொண்டிருந்தார்கள். அத்தூர் அத்தியாயத்தின் 27ஆம் வசனத்தை ஓதினார்கள். நரகத்தின் சுடுகாற்றிலிருந்து அல்லாஹ் தங்களைக் காத்ததைச் சுவனவாசிகள் நன்றியோடு பேசிக் கொள்ளும் இடம் அது. அந்த வசனத்தில் நின்றுவிட்டார்கள்; அழுதார்கள்; பாதுகாப்புத் தேடினார்கள். நேரம் நீண்டதால் மகன் கடைத்தெருவுக்குப் போய்த் தம் வேலையை முடித்துக் கொண்டு திரும்பினார். தாயார் அதே வசனத்தில் அழுதவாறே நின்று கொண்டிருந்தார்கள்! இதே நிகழ்ச்சி கொள்ளுப் பேரர் அப்பாத் இப்னு ஹம்ஸா கண்டதாகவும் பதிவாகியுள்ளது. பார்த்தவர் எவராயினும், அந்தத் தாய் யாருக்கும் காட்டுவதற்காகத் தொழவில்லை. பிள்ளை வந்ததும் போனதும்கூட அவர்களுக்குத் தெரிந்திருக்குமா என்பது ஐயமே.

குர்ஆனைக் கேட்டு மயங்கி விழுவோர் சிலர் பிற்காலத்தில் தோன்றினார்கள். நபித்தோழர்கள் குர்ஆனைக் கேட்டால் எப்படி இருப்பார்கள் என்று ஒரு பேரர் அஸ்மா (ரலி) அவர்களிடம் கேட்டார். கண்கள் நீர் சொரியும், மேனி சிலிர்க்கும் என்று பாட்டியார் விடையளித்தார்கள். மயங்கி விழுவோரைப் பற்றிச் சொன்னபோது ஷைத்தானிடமிருந்து அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடினார்கள்.

இனி, கொடையைப் பார்ப்போம். எண்ணி எண்ணிக் கொடுக்காதே, முடிந்து வைக்காதே, அவ்வாறு செய்தால் அல்லாஹ்வும் உனக்கு அவ்வாறே செய்வான் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் அஸ்மா (ரலி) அவர்களுக்கு அறிவுரை கூறியிருந்தார்கள். அது வீட்டில் எப்படி நடைமுறையாயிற்று என்பதை மகன் அப்துல்லாஹ் (ரலி) சொல்கிறார்கள். ஆயிஷா (ரலி), அஸ்மா (ரலி) ஆகிய இருவரையும் விடக் கொடையாளிப் பெண்களைத் தாம் கண்டதில்லை. ஆனால் இருவர் கொடையும் வேறு வேறு. சிறிய தாயார் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்துப் பின்னர் பங்கிடுவார்கள். தாயாரோ நாளைக்கென்று எதையும் வைத்துக் கொள்ள மாட்டார்கள் என்பது அவர்கள் கூற்று. எத்துணை நுட்பமாகக் கவனித்திருக்கிறார், பாருங்கள்!

ஆயினும் கவனித்த மகன் அதை அப்படியே கைக்கொண்டாரா? வரலாற்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆயிஷா (ரலி) அவர்கள் அளவின்றிக் கொடுப்பதைக் கண்டு, இதை நிறுத்தாவிட்டால் அவர்கள் பொருளைக் கையாளத் தடை விதிப்பேன் என்று அப்துல்லாஹ் (ரலி) ஒருமுறை சொல்லிவிட்டார்கள். சிறிய தாயாருக்குப் பெரும் வேதனை. இனி அவரோடு பேசுவதில்லை என்று நேர்ச்சை செய்துவிட்டார்கள். இந்த மருமகனின் பெயரால்தான் அவர்கள் உம்மு அப்துல்லாஹ் என்று அழைக்கப்பட்டு வந்தார்கள் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். பிரிவு நீண்டது. இறுதியில் மிஸ்வர் இப்னு மக்ரமா (ரலி) முதலிய இருவர் தங்கள் போர்வைக்குள் அவரை மறைத்து அழைத்து வந்து, நாங்கள் எல்லோரும் உள்ளே வரலாமா என்று அனுமதி கேட்டார்கள். எல்லோரும் வாருங்கள் என்றார்கள் அன்னையார். திரைக்குள் நுழைந்த அப்துல்லாஹ் சிறிய தாயாரைக் கட்டிக் கொண்டு அழுதார். அவர்களும் பேசினார்கள். நேர்ச்சையை முறித்ததற்காக நாற்பது அடிமைகளை விடுதலை செய்தார்கள். அதன் பின்னரும் அந்த நேர்ச்சையை நினைத்துவிட்டால் முக்காடு நனையும்படி அழுவார்கள் என்று புகாரீ கூறுகிறது.

தாயின் விரிந்த கை இளைய மகனிடம் அப்படியே வந்து சேர்ந்தது. பேரீச்சம்பழக் காலம் வந்தால் உர்வா (ரஹ்) அவர்கள் தம் தோட்டத்தின் மதிலை இடித்து வழி விடுவார்கள். மக்கள் நுழைந்து உண்டு, எடுத்துக் கொண்டும் போவார்கள். ஒரே வயிற்றில் பிறந்து, ஒரே தாயைப் பார்த்து வளர்ந்தும், ஒருவர் தொழுகையை அதிகமாக எடுத்துக் கொண்டார், ஒருவர் கொடையை அதிகமாக எடுத்துக் கொண்டார். மூத்தவனைப் போல் நீ இல்லையே என்று இளையவனைக் குத்திக் காட்டும் தாய்மார்கள் இதைக் கவனிப்பார்களாக.

நடு மகன்களுள் ஒருவரான முன்திர், இராக்கிலிருந்து திரும்பும்போது தாய்க்கு உயர்ந்த மெல்லிய துணிகளை அனுப்பி வைத்தார். அப்போது அஸ்மா (ரலி) அவர்களுக்குப் பார்வை போயிருந்தது. கையால் தடவிப் பார்த்து, திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னார்கள். முன்திருக்கு மனம் சங்கடப்பட்டது. உம்மா, இது உடலைக் காட்டும் துணி அன்றே என்றார். காட்டாவிட்டாலும் உடலின் அமைப்பை எடுத்துச் சொல்லுமே என்றார்கள். அவர் வேறு துணி வாங்கித் தந்ததும், இப்படிப்பட்டதை எனக்கு உடுத்தக் கொடு என்று மகிழ்ந்து ஏற்றுக் கொண்டார்கள். கண் தெரியாத வயோதிகத்தில், மகனின் அன்பளிப்பை மறுக்கவும் தெரிந்தது. அவன் மனத்தை ஆற்றவும் தெரிந்தது.

தந்தை ஸுபைர் (ரலி) அவர்களிடமிருந்து பிள்ளைகள் பெற்ற பாடம் கடனைப் பற்றியது. மக்கள் அவரிடம் பொருளை அமானிதமாக வைக்க வருவார்கள். அமானிதம் தொலைந்தால் உரியவருக்கு நட்டமாகிவிடும் என்று அஞ்சி, இதை நான் கடனாகவே எடுத்துக் கொள்கிறேன் என்று பொறுப்பைத் தம்மேல் ஏற்றுக் கொள்வார்கள். அவ்வாறு சேர்ந்த கடன் 22 இலட்சம்! ஹிஜ்ரீ 36இல் (கி.பி. 656) ஜமல் போர் நாளன்று மகன் அப்துல்லாஹ்வை அழைத்து, எனக்குள்ள பெருங்கவலை என் கடன்தான், நம் சொத்தை விற்று அடைத்துவிடு, இயலாமற் போனால் என் எஜமானிடம் உதவி கேள் என்றார்கள். மகனுக்குப் புரியவில்லை, தங்கள் எஜமான் யார் என்று கேட்டார். அல்லாஹ் என்றார்கள். அந்நாளிலேயே போர்க்களத்தை விட்டு விலகிச் சென்ற அவர்கள் வழியில் கொலை செய்யப்பட்டார்கள்.

அதன்பின் ஒவ்வொரு நெருக்கடியிலும், ஸுபைரின் எஜமானே, அவர் கடனை நிறைவேற்றுவாயாக என்று துஆச் செய்ததாகவும், கடன் நிறைவேறியதாகவும் அப்துல்லாஹ் (ரலி) கூறியுள்ளார்கள். தந்தை 1,70,000க்கு வாங்கியிருந்த காபா நிலம் 16 இலட்சத்திற்கு விலை போயிற்று. நான்கு இலட்சம் வரவேண்டியிருந்த அப்துல்லாஹ் இப்னு ஜஅஃபர் (ரலி), வேண்டுமானால் விட்டுவிடுகிறேன் என்றார், மகன் ஒப்பவில்லை. கடன் அடைந்ததும் உடன்பிறந்தோர் சொத்தைப் பங்கிடச் சொன்னார்கள். நான்கு ஆண்டுகள் ஹஜ் காலத்தில், ஸுபைரிடம் கடன் வரவேண்டியவர் எவரேனும் உண்டா என்று அறிவித்த பிறகே பங்கிட்டார்கள். தகப்பனார் பெயரில் கத்தம் ஓதி, கறிச்சோறு ஆக்கிவிட்டு, அவருடைய கடன்காரரைக் கண்டால் தெருவை மாற்றிப் போகும் பிள்ளைகளும் நம் சமுதாயத்தில் உண்டு. மேலே சொல்ல மனம் வரவில்லை.

காலம் உருண்டது. அப்துல்லாஹ் (ரலி) மக்காவில் கலீஃபாவாக ஏற்கப்பட்டு, பின்னர் அப்துல் மலிக்கின் தளபதி ஹஜ்ஜாஜின் முற்றுகைக்கு ஆளானார்கள். அரசியலின் வழக்கை இங்கே நாம் விவாதிக்கப் போவதில்லை. ஆறு மாதத்திற்கும் மேலாக நீண்ட முற்றுகையில் தோழர்கள் கலைந்தார்கள். பெற்ற பிள்ளைகளிலும் சிலர் எதிரியிடம் அடைக்கலம் பெற்றுச் சென்றுவிட்டார்கள். ஹிஜ்ரீ 73இல் (கி.பி. 692), நூறு வயதை நெருங்கிய தாயிடம் அவர்கள் யோசனை கேட்க வந்த காட்சியை தபரீ விரிவாக எழுதியுள்ளார். நீ உண்மையின்மீது இருப்பதாக அறிந்தால் அதிலேயே நில் என்பது தாயின் விடை. இறந்த பின் உடலைச் சிதைப்பார்களே என்றபோது, அறுத்த ஆட்டுக்குத் தோலுரிப்பதால் வலி இல்லை என்றார்கள். பின்னர் கையேந்தினார்கள். நீண்ட இரவுகளில் இவன் நின்ற நிலைக்காகவும், மதீனா, மக்காவின் வெயிலில் இவன் பட்ட நோன்பின் தாகத்திற்காகவும், தன் தந்தைக்கும் எனக்கும் இவன் செய்த பணிவிடைக்காகவும் இவன்மீது இரக்கம் காட்டு என்று இறைஞ்சினார்கள். மகன் கொல்லப்பட்டுக் கம்பத்தில் ஏற்றப்பட்டபோது அவ்வழியே வந்த இப்னு உமர் (ரலி), உயிரற்ற அவ்வுடலுக்கு ஸலாம் கூறி, நீர் அதிகம் நோன்பு நோற்பவர், அதிகம் நின்று வணங்குபவர், உறவைப் பேணுபவர் என்றார்கள். தாய் இறைவனிடம் சொன்ன அதே மூன்றையும் ஊரார் முன்னிலையில் இன்னொருவர் சாட்சியாகச் சொன்னார்.

ஹஜ்ஜாஜ் ஆளனுப்பியும் அஸ்மா (ரலி) அவர்கள் போகவில்லை. அவனே வந்து, இறைவனின் விரோதியை நான் செய்ததைப் பார்த்தீரா என்றான். நீ அவனுடைய உலகத்தைக் கெடுத்தாய், அவன் உன் மறுமையைக் கெடுத்துவிட்டான் என்றார்கள். இரு கச்சைக்காரியின் மகனே என்று மகனை அவன் ஏளனம் செய்ததைச் சுட்டி, ஆம், நான்தான் அவள். ஒரு கச்சையால் அல்லாஹ்வின் தூதருடைய உணவைக் கட்டினேன் என்றார்கள். ஹஜ்ஜாஜ் மறுமொழியின்றி எழுந்து போனான். அதன்பின் சில நாட்களிலேயே அவர்கள் மறைந்தார்கள்.

உர்வா (ரஹ்) அவர்கள் அரசியலில் இறங்காமல் மதீனாவின் ஏழு பெரும் ஃபகீஹ்களுள் ஒருவராகத் திகழ்ந்தார்கள். நாள்தோறும் குர்ஆனின் நான்கில் ஒரு பகுதியைப் பார்த்து ஓதி, இரவில் அதையே தொழுகையில் ஓதுவார்கள். ஷாம் பயணத்தில் காலில் நோய் பற்றி, காலை வெட்டி எடுத்த ஓர் இரவில் மட்டுமே அது தவறியது. அந்தப் பயணத்திலேயே ஒரு மகனையும் இழந்தார்கள். பல பிள்ளைகளுள் ஒருவரையும், கை கால்களுள் ஒன்றையுமே எடுத்துக் கொண்டு மற்றவற்றை விட்டு வைத்தாயே என்று இறைவனைப் புகழ்ந்தார்கள். ஹிஜ்ரீ 94ஆம் ஆண்டையொட்டி அவர்கள் மறைந்த அன்று நோன்பு நோற்றிருந்ததாக மகன் ஹிஷாம் (ரஹ்) அறிவிக்கிறார்கள்.

இந்த ஹிஷாமின் மனைவி ஃபாத்திமா (ரஹ்), முன்திரின் மகள். அஸ்மா (ரலி) அவர்களின் பேத்தி. பாட்டியார் நோயுற்றால் தம்மிடமுள்ள அடிமைகளை விடுதலை செய்துவிடுவார்கள் என்பதையும், காய்ச்சல் கண்ட பெண்ணைக் கொண்டு வந்தால் துஆச் செய்து தண்ணீரால் குளிர்விப்பார்கள் என்பதையும் பார்த்துச் சொன்னவர் இவர்தாம். முடிந்து வைக்காதே என்ற அந்த நபிமொழி புகாரீயில் இடம்பெற்றுள்ள வரிசையை எடுத்துப் பாருங்கள். கணவர் ஹிஷாம், தம் மனைவி ஃபாத்திமாவிடமிருந்து அறிவிக்கிறார். ஃபாத்திமா, தம் பாட்டி அஸ்மாவிடமிருந்து அறிவிக்கிறார்.